ஐம்பது மீட்டர் லேன்ல ஆள் இல்ல

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

தூத்துக்குடியிலிருந்து பேசறேன். பின்னாடி ஃபேன் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. இந்த ஊர் புழுக்கத்துல ஃபேனை நிறுத்திட்டு ரெக்கார்ட் பண்ணினா பாதி எபிசோட்லயே நான் கரைஞ்சுடுவேன்.

இன்னைக்கு பேசப்போறது பிஸ்டல் பத்தி. சினிமா பிஸ்டல் இல்ல, போட்டியில சுடுற பிஸ்டல். ஆனா ஆரம்பிக்கிறது சினிமாவிலிருந்துதான்.

2022 ஜூலையில திருச்சியில 47-வது தமிழ்நாடு மாநில துப்பாக்கி சுடும் போட்டி நடந்துச்சு. அஜித்குமார் அதுல கலந்துகிட்டு நாலு தங்கம், ரெண்டு வெண்கலம் வாங்கினார். வாட்ஸ்ஆப்ல அந்தப் போட்டோ வராத குரூப்பே இல்ல. எங்க அபார்ட்மென்ட் தண்ணி லாரி குரூப்ல கூட வந்துச்சு. ஆனா எந்தெந்தப் பிரிவுல அந்தப் பதக்கங்கள்னு பார்த்தவங்க ரொம்பக் குறைவு. சென்டர் ஃபயர் பிஸ்டல், ஸ்டாண்டர்ட் பிஸ்டல், 50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டல். இந்த மூணுல ஒண்ணுகூட இப்ப ஒலிம்பிக்ல கிடையாது. முதல் ரெண்டும் எப்பவுமே ஒலிம்பிக் பக்கம் காலூன்றினதில்ல. மூணாவது, நூறு வருஷத்துக்கும் மேல ஒலிம்பிக்ல இருந்துட்டு வெளிய போனது.

ஒரு பிரிவு எப்படித் தேயுது? சுடுறவங்களுக்கு அலுத்துப்போய்த் தேயுதா, இல்ல வேற யாரோ ஒரு கதவைச் சாத்துறதால தேயுதா? அதுதான் இன்னைக்கு எனக்குக் கேள்வி.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். இந்த ஊர்ல துப்பாக்கிங்கிறது லேசான வார்த்தை இல்ல. வரலாறு படிச்சவங்களுக்கு மணியாச்சி ஞாபகம் வரும்; 1911 ஜூன் 17, வாஞ்சிநாதன், கலெக்டர் ஆஷ். எங்க வயசுக்காரங்களுக்கு 2018 மே 22 ஞாபகம் வரும். ஸ்டெர்லைட் போராட்டத்துல போலீஸ் சுட்டதுல 13 பேர் செத்த ஊர் இது. 'துப்பாக்கிச் சூடு'னா இங்க அது ஒண்ணுதான். அதனாலதான் விளையாட்டை நான் 'துப்பாக்கி சுடுதல்'னே சொல்வேன், ரெண்டையும் கலக்க மாட்டேன். எங்கம்மா இந்த எபிசோடைக் கேட்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. நான் அவங்களை மாத்தப் பார்க்கல.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தது எங்க தெரு அண்ணாச்சி ஒருத்தர். ஐம்பது வயசு தாண்டிட்டார். ஹார்பர்ல கிளியரிங் ஃபார்வர்டிங் வேலை. பேர் சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன். இருபது வருஷத்துக்கும் மேல ஃப்ரீ பிஸ்டல் சுடுறார். ஊர்ல அவர் அப்படி ஒருத்தர்னு பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கவங்க அதைச் சொல்லிக்கிட்டுத் திரிய மாட்டாங்க.

முதல் தடவை அந்தப் பிஸ்டலைப் பார்த்தப்ப, இது துப்பாக்கியா இல்ல எலும்பு டாக்டர் கொடுத்த கருவியான்னுதான் தோணுச்சு. கைப்பிடி மரம். அண்ணாச்சியோட உள்ளங்கைக்கு ஏத்த மாதிரி செதுக்கி, ராவி, புட்டி வச்சு, கையை முழுசா உள்ள வாங்கிக்கிற மாதிரி இருக்கும். மணிக்கட்டு மட்டும் வெளிய சுதந்திரமா இருக்கணும், அது விதி. என் கை அதுக்குள்ள போகவே இல்ல. வேற ஒருத்தர் செருப்புல கால் விட்ட மாதிரி. குழல் நீளம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு .22 தோட்டா, சுட்டுட்டுத் திறந்து அடுத்ததைப் போடணும். ட்ரிகருக்குக் குறைந்தபட்ச எடைன்னு எதுவும் விதியில இல்ல. அண்ணாச்சியோடது மொரினி, ஸ்விட்சர்லாந்து தயாரிப்பு, எலக்ட்ரானிக் ட்ரிகர். விரல் பட்டுச்சா படலையான்னு நீங்க யோசிக்கிறதுக்குள்ள குண்டு போயிருக்கும்.

'ஃப்ரீ'ன்னு பேர் வந்ததே இதனாலதான். எடை, குழல் நீளம், ட்ரிகர், கைப்பிடி எல்லாத்துலயும் ஏறக்குறைய சுதந்திரம். ஆனா பார்வைக்குச் சலுகை கிடையாது. லென்ஸ் வச்ச சைட் வைக்கக் கூடாது, முன்னாடி ஒரு கம்பி, பின்னாடி ஒரு பள்ளம், அவ்வளவுதான்.

இலக்கு 50 மீட்டர் தள்ளி. ரெண்டரை கிரிக்கெட் பிட்ச் தூரம். பத்துப் புள்ளி வட்டத்தோட விட்டம் 5 சென்டிமீட்டர், டீக்கடை கிளாஸோட வாயைவிடக் கொஞ்சம் சின்னது. ஒரே கையால நீட்டிப் பிடிச்சு 60 தடவை சுடணும். முழு மதிப்பெண் 600. சோவியத் யூனியனோட மெலென்டியெவ் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ல 581 எடுத்தார். அதைத் தாண்ட உலகத்துக்கு 34 வருஷம் ஆச்சு. 2014-ல ஸ்பெயின் கிரானடாவுல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல தென் கொரியாவோட ஜின் ஜாங்-ஓ 583 எடுத்தார். 34 வருஷத்துல ரெண்டே ரெண்டு புள்ளி! இடையில பிஸ்டல் மாறிச்சு, தோட்டா மாறிச்சு, ட்ரிகர் எலக்ட்ரானிக் ஆச்சு. அப்பவும் ரெண்டு புள்ளிதான். எனக்கு இந்த விளையாட்டு மேல மரியாதை வந்தது இந்த எண்ணைப் பார்த்துதான்.

அதே கிரானடாவுல அதே பிரிவுல வெள்ளி வாங்கினது நம்ம ஜீத்து ராய். கூர்க்கா ரெஜிமென்ட் ராணுவ வீரர். 2014 அவரோட வருஷம். கிளாஸ்கோ காமன்வெல்த்ல 50 மீட்டர் தங்கம், இன்சியான் ஆசிய விளையாட்டுல 50 மீட்டர் தங்கம். ரியோவுக்கு எல்லாரும் அவரைத்தான் நம்பிப் போனாங்க. 2016-ல ரியோவுல 50 மீட்டர்ல 12-வது இடம், ஃபைனலுக்கே போகல. தங்கம் மறுபடியும் ஜின் ஜாங்-ஓவுக்கு. 2008, 2012, 2016 தொடர்ந்து மூணு. அதுதான் ஒலிம்பிக்ல கடைசி ஃப்ரீ பிஸ்டல்னு அன்னைக்கு அந்த லேன்ல நின்ன யாருக்கும் தெரியாது.

2017 ஜூன்ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி டோக்கியோவுக்கான பட்டியலை வெளியிட்டுச்சு. மூணு பிரிவு வெளிய: 50 மீட்டர் பிஸ்டல், 50 மீட்டர் ரைஃபிள் ப்ரோன், டபுள் ட்ராப். மூணுமே ஆண்களுக்கு மட்டும் இருந்தவை. உள்ள வந்தது மூணு கலப்பு அணிப் போட்டி: ஏர் பிஸ்டல், ஏர் ரைஃபிள், ட்ராப். ரியோவுல துப்பாக்கி சுடுதல்ல 15 பிரிவு, அதுல ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 6. டோக்கியோவுல அதே 15, ஆனா 6, 6, கலப்பு 3. மொத்த எண்ணிக்கையை ஏத்த விடமாட்டாங்க. ஒண்ணு உள்ள வரணும்னா ஒண்ணு வெளிய போகணும். போர்டுல ஸ்லாட் இல்லாத மதர்போர்டு மாதிரி.

எங்க வேலையில 'டெப்ரிகேட்' பண்றதுன்னு ஒண்ணு உண்டு. ஒரு வசதியை உடனே அழிக்க மாட்டாங்க. இன்னும் வேலை செய்யும், நீங்க பயன்படுத்தலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா இனிமே இதை நம்பிப் புதுசா எதையும் கட்டாதேன்னு ஒரு வரி அறிவிப்பு. அந்த ஒரு வரி போதும். புதுசா வர்றவன் அந்தப் பக்கம் போக மாட்டான். இருக்கிறவன் மெல்ல மெல்ல மாத்திக்குவான். கடைசியில ஒரு நாள் நிஜமாவே நீக்கும்போது கேட்க ஆள் இருக்காது. ஃப்ரீ பிஸ்டலுக்கு நடந்தது இதேதான். உலக சாம்பியன்ஷிப்ல இன்னும் இருக்கு, நம்ம தேசியப் போட்டியிலயும் மாநிலப் போட்டியிலயும் இருக்கு. 2018-ல கொரியாவோட சாங்வான்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல ஓம் பிரகாஷ் மிதர்வால் 564 எடுத்து 50 மீட்டர்ல தங்கமே வாங்கினார். உலக சாம்பியன்! அந்தத் தங்கத்துக்கு ஒலிம்பிக் இடம் கிடையாது. நாலு வருஷம் முன்னாடி ஜீத்து ராய் வாங்கின வெள்ளிக்கு ரியோ இடம் கிடைச்சுது.

மேல இருக்கிற ஏணியை எடுத்துட்டா கீழ என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அரசோட டாப்ஸ் திட்டம் பேர்லயே ஒலிம்பிக் பதக்க மேடைன்னு இருக்கு. பயிற்சிப் பணம், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் ஒலிம்பிக் பிரிவைத்தான் முதல்ல பார்க்கும். கோச் தன் நேரத்தை எங்க போடுவார்? அப்பா அம்மா பணத்தை எங்க போடுவாங்க? இதுல யாரையும் குறை சொல்ல முடியாது.

ஒலிம்பிக் மட்டும் இல்ல. ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுல சென்டர் ஃபயர் பிஸ்டல்ல தங்கம் வாங்கினார். 2006 தோஹாவுல மூணு தங்கம். சென்டர் ஃபயர்ல 590 எடுத்து உலக சாதனையைச் சமன் பண்ணினார். ஒரு தலைமுறைக்கு அதுதான் இந்திய பிஸ்டல். 2018 ஜகார்த்தாவுலயும் அடுத்து ஹாங்ஜோவுலயும் சென்டர் ஃபயரும் இல்ல, ஸ்டாண்டர்டும் இல்ல. காமன்வெல்த்ல 2022 பர்மிங்காம்ல துப்பாக்கி சுடுதலே இல்ல. ஒரு பிரிவு ஒரே நாள்ல சாகறதில்ல. ஒவ்வொரு மேடையா விளக்கை அணைச்சுக்கிட்டே வர்றாங்க.

இப்ப மறுபக்கம். இதை விட்டுட்டுப் பேசினா நான் அண்ணாச்சிக்கு ஜால்ரா போட்ட மாதிரி ஆகிடும்.

பாரிஸ் 2024. மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்ல வெண்கலம். ரெண்டு நாள் கழிச்சு சரப்ஜோத் சிங்கோட சேர்ந்து கலப்பு அணியில இன்னொரு வெண்கலம். அந்த ரெண்டாவது பதக்கம் இருக்கே, அது ஃப்ரீ பிஸ்டல் காலி பண்ணின இடத்துல வந்த பிரிவு. ரியோவுல ஒரு பெண் 50 மீட்டர் பிஸ்டல் சுட ஆசைப்பட்டிருந்தாலும் வழியே கிடையாது. அண்ணாச்சியோட இழப்பு எனக்குப் புரியுது. ஆனா மனு பாக்கரோட ரெண்டாவது பதக்கத்தைக் கொண்டாடிட்டு, அந்த முடிவைக் கெட்ட முடிவுன்னு முழுசாச் சொல்ல எனக்கு வாய் வரல. இன்னொரு கூத்து என்னன்னா, மனுவோட கோச் யாரு? சென்டர் ஃபயர் சாம்பியன் ஜஸ்பால் ராணாதான். மூடின பிரிவோட அறிவு திறந்த பிரிவுக்குள்ள போயிருக்கு.

பாரிஸ்னதும் துருக்கிக்காரர் ஞாபகம் வந்திருக்கும். யூசுஃப் டிகெச், 51 வயசு, ஒரு கை பாக்கெட்ல, சாதாரணக் கண்ணாடி, டீக்கடைக்கு வந்த மாதிரி நின்னு கலப்பு அணியில வெள்ளி வாங்கிட்டுப் போனார். 'கருவி எதுவும் தேவையில்ல, திறமை போதும்'னு மீம் போட்டோம். முகத்துல மாட்டுற கருவிதான் இல்ல. கையில இருந்தது மத்தவங்க வச்சிருந்த மாதிரியே போட்டிக்குன்னு செஞ்ச ஏர் பிஸ்டல். அதுல யாரும் சிக்கனம் பார்க்க முடியாது.

இந்தியாவுல எல்லாரும் ஏர் பிஸ்டல் பக்கம் சாயறதுக்கு ஒலிம்பிக் மட்டும் காரணம் இல்ல. சட்டமும் இடமும் சேர்ந்து தள்ளுது. .22 பிஸ்டல்னா ஆயுத லைசென்ஸ் வேணும். போலீஸ் விசாரணை, கலெக்டர் ஆபீஸ், புதுப்பித்தல். தோட்டாவுக்குக் கணக்கு. வெளிநாட்டுப் பிஸ்டலை இறக்குமதி பண்ண, போட்டிகள்ல குறிப்பிட்ட தரத்தை எட்டியிருக்கணும். தேர்தல் வந்தா லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்வாங்க. விளையாட்டு வீரர்கள் விலக்கு கேட்டு வாங்கலாம், ஆனா ஒவ்வொரு தடவையும் புதுசா வந்த அதிகாரிக்கு முதல்லேர்ந்து விளக்கணும். ரேஞ்சுக்கு 50 மீட்டர் நீளம், பின்னாடி குண்டு தாங்குற மண்மேடு, அதுக்கு அனுமதி. ஏர் பிஸ்டலுக்கு? .177 அளவு, 20 ஜூலுக்குள்ள சக்தி இருந்தா லைசென்ஸே வேண்டாம். 10 மீட்டர் இருக்கிற ஒரு ஹால் போதும். நகரத்துல கல்யாண மண்டபம் மாடி, ஸ்கூல் ஷெட், எங்க வேணா அமைச்சுடலாம். இலக்கோட பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர், உங்க சட்டைப் பட்டன் அளவு. கஷ்டம் குறையல. நுழையறதுக்கான செலவும் தலைவலியும்தான் குறைஞ்சிருக்கு. செலவுன்னா, நல்ல வெளிநாட்டு ஏர் பிஸ்டல் லட்சத்தைத் தாண்டும், அதையும் சொல்லிடணும்.

ஏர் பிஸ்டலுக்குள்ளயே கருவி எப்படி மாறிச்சுங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ஒலிம்பிக்ல வந்தது 1988 சியோல்ல. ஆரம்பகாலத்துப் போட்டி ஏர் பிஸ்டல்ல சுருள்வில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் நெம்புகோலை இழுத்து வில்லை இறுக்கணும். அப்புறம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வந்துச்சு. அதுல ஒரு சிக்கல்: வெப்பம் ஏறினா அழுத்தம் ஏறும். தூத்துக்குடி மே மாசத்துல அது எப்படி நடந்துக்கும்னு யோசிங்க. காலையில ஒரு இடத்துல படுற குண்டு மத்தியானம் வேற இடத்துல படும். 1990-கள்ல அழுத்தின காற்றுச் சிலிண்டர் வந்து மத்த ரெண்டையும் ஒதுக்கிடுச்சு. இப்ப எல்லார்கிட்டயும் இதுதான். 200 பார் அழுத்தம்.

அந்தச் சிலிண்டரை எப்படி நிரப்புவாங்க தெரியுமா? கைப்பம்புல அடிக்கலாம், தோள்பட்டை போயிடும். சுலபமான வழி ஸ்கூபா சிலிண்டர். கடலுக்குள்ள மூழ்குறவங்க முதுகுல கட்டிக்கிறதே, அதுலேர்ந்து ஒரு இணைப்பு போட்டு நிரப்பிக்கலாம். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஏன்னா இது சங்கு குளிக்கிற ஊரு. முத்துக்குளிப்பு மன்னார் வளைகுடாவுல கடைசியா நடந்தது 1961-ல. சிப்பி இல்ல, அதோட நின்னுச்சு. பாட்டன் காலத்துல கல்லைக் காலில் கட்டி மூச்சடக்கி முத்துக்கு இறங்கின குடும்பங்கள் சங்குக்கு இறங்குறதைத் தொடர்ந்தாங்க. பின்னாடி சிலிண்டரும் கம்ப்ரசரும் வந்துச்சு. முத்துச் சிப்பி போனப்ப மூழ்கத் தெரிஞ்சவன் மூழ்குறதை விடல, எடுக்குற பொருளை மாத்திக்கிட்டான். 'நீங்களும் அப்படித்தானே அண்ணாச்சி, ஏர் பிஸ்டலுக்கு மாறிடலாமே'ன்னு கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "முத்துக்குளிச்சவன் சங்கு குளிச்சது வயித்துக்கு, தம்பி. எனக்குச் சோறு போடுதது ஹார்பர். அப்புறம் எதுக்கு நான் மாறணும்?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

சிலிண்டருக்கும் வயசு உண்டு, பத்து வருஷம். மேல தேதி அச்சிட்டிருக்கும். தேதி தாண்டினதைப் பயன்படுத்தாம இருக்கிறது சுடுறவரோட பொறுப்புன்னு விதி சொல்லுது. எங்களுக்கு வெப்சைட் சர்ட்டிஃபிகேட் காலாவதி ஆகிற மாதிரி. நம்ம கடலோரத்துல உள்ள ஈரம் போனா பத்து வருஷம் கூடத் தாங்காது. உப்புக்காத்து என்ன பண்ணும்னு ஏசி அவுட்டோர் யூனிட் வச்சிருக்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அண்ணாச்சி சுட்டு முடிச்ச அன்னைக்கே துடைச்சு எண்ணெய் போட்டு வச்சுடுவார். கல்யாண வீட்டுக்குப் போற அவசரமா இருந்தாலும் அது முடிஞ்சாத்தான் சட்டையை மாத்துவார்.

எலக்ட்ரானிக்ஸ் கூட வந்தா அதுக்கான வினையும் வரும். டோக்கியோவுல மனு பாக்கரோட பிஸ்டல் போட்டி நடுவுலயே கோளாறு ஆனது ஞாபகம் இருக்கும். காக்கிங் லீவர் உடைஞ்சு, சரி பண்ணிட்டு வர்றதுக்குள்ள நிறைய நேரம் போச்சு. மீதி நேரத்துல அவசரமா முடிச்சு 575, 12-வது இடம். ஃபைனலுக்கு ரெண்டு புள்ளி குறைவு. அந்த நிலைமையில 575 எடுத்ததே பெரிய விஷயம்னு அண்ணாச்சி இன்னைக்கும் சொல்வார்.

சில நேரம் பிரிவு அப்படியே இருக்கும், துப்பாக்கியை மட்டும் விதி கொன்னுடும். 25 மீட்டர் ரேப்பிட் ஃபயர் அப்படி. 2012 லண்டன்ல நம்ம விஜய் குமார் வெள்ளி வாங்கின பிரிவு. 2004 ஏதென்ஸ் வரைக்கும் அதுக்குன்னே தனி ஜாதிப் பிஸ்டல் இருந்துச்சு: .22 ஷார்ட்ங்கிற குட்டித் தோட்டா, கையைச் சுத்தின கைப்பிடி, இறகு மாதிரி ட்ரிகர். 2005-லேர்ந்து விதி மாறிச்சு. .22 லாங் ரைஃபிள் தோட்டா, ட்ரிகர் குறைஞ்சது ஒரு கிலோ. பல வருஷமா பார்த்துப் பார்த்துச் செஞ்ச பிஸ்டல்கள் ஒரே நாள்ல அலமாரிப் பொருள். ஜெர்மனியோட ரால்ஃப் ஷூமான் பழைய பிஸ்டல்ல 1992, 1996, 2004 மூணு தங்கம் வாங்கினவர். புது விதியில 2008-ல வெண்கலம் வாங்கினார். பிஸ்டல் போனாலும் கை போகலைன்னு காட்டின ஆள்.

இது எல்லாமே மேலேர்ந்து வந்த முடிவு. அப்படி இல்லாமலும் ஒரு பிரிவு தேயும். அமெரிக்காவுல 'பிராக்டிக்கல் ஷூட்டிங்'னு ஒண்ணு, ஓடிக்கிட்டே சுடுறது. ஒலிம்பிக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அங்க கருவியை வச்சுத்தான் பிரிவு. 'ப்ரொடக்‌ஷன்'னு ஒரு பிரிவு, கடையில வாங்கின பிஸ்டல், சாதா சைட். இப்ப பிஸ்டல் மேல சிவப்புப் புள்ளி காட்டுற சின்னக் கண்ணாடி வைக்கிறது வழக்கமாகிப்போச்சு. அதுக்குன்னு 'கேரி ஆப்டிக்ஸ்' வந்ததும் கூட்டம் அங்க நகர்ந்துடுச்சு. யாரும் ப்ரொடக்‌ஷனை நிறுத்தல. நாற்பது தாண்டின கண்ணுக்குச் சிவப்புப் புள்ளி சுகமா இருக்கு, கம்பெனிகளும் அதையே விக்கிறாங்க, அவ்வளவுதான். இன்னொரு பிரிவு 'லிமிடெட் 10'. 1994-ல அங்க மேகசினுக்குப் பத்துத் தோட்டாதான்னு ஒரு சட்டம் வந்தப்ப அதுக்கேத்த மாதிரி பிறந்தது. சட்டம் 2004-ல காலாவதி. பிரிவு மட்டும் ஆள் குறைஞ்சு நின்னுச்சு. அங்க விருப்பம் மாறி ஆள் போறாங்க. ஃப்ரீ பிஸ்டல்ல விருப்பம் மாறல, வழிதான் மூடினது. வெளியேர்ந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி காலி லேன்தான். அதனாலதான் 'யாருக்கும் ஆர்வம் இல்ல'ன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாச்சுன்னா, வீட்டுக்குள்ளயே வந்துடுச்சு. என் சித்தி பொண்ணு, பிளஸ் ஒன் படிக்கிறா. பாரிஸுக்கு அப்புறம் பிஸ்டல் பைத்தியம். ஒரு வருஷமா அண்ணாச்சிகிட்டதான் கத்துக்கிறா, காலையில டியூஷனுக்கு முன்னாடி, கடன் வாங்கின ஏர் பிஸ்டல்ல. பெரும்பாலான நாள் குண்டே கிடையாது. சுவரைப் பார்த்து நின்னு, மூச்சு விட்டு, ட்ரிகரை அழுத்தி, மறுபடி. 'ட்ரை பிராக்டிஸ்'. என்னால பத்து நிமிஷம் நிக்க முடியல, அவ ஒரு மணி நேரம் நிப்பா. ஒரு நாள் அண்ணாச்சியோட 50 மீட்டர் ஸ்கோர் ஷீட்டுகளைப் பார்த்துட்டு, எனக்கும் இதுதான் வேணும்னு நின்னா. சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "நீ என்னப்பா சொல்ற, எதுக்குப் பணம் போடறது?"ன்னார். நான் அண்ணாச்சிகிட்ட போனேன்.

அவர் சந்தோஷப்படுவார்னு நினைச்சேன். இத்தனை வருஷத்துல அவர் பிரிவைக் கேட்டு வந்த முதல் பிள்ளை இவதான். அவர் யோசிக்கக்கூட இல்ல. "ஏர் பிஸ்டலே வாங்கிக் கொடுக்கச் சொல்லு. அவளுக்கு முன்னாடி காலேஜ் இருக்கு, கோட்டா இருக்கு, கலப்பு அணின்னு ஒண்ணு புதுசா இருக்கு. நான் ஆடுன ஆட்டத்தை அவ தலையில கட்டக் கூடாதுல்லா." கொஞ்ச நேரம் கழிச்சு, "இருபது வயசுக்கு மேல சுடணும்னு தோணுச்சுன்னா வரட்டும், சொல்லிக் கொடுக்கேன்"னார். பிஸ்டலை வித்துடுவீங்களான்னு கேட்டேன். "யாருக்கு விக்கது? லைசென்ஸ் இருக்கணும், இந்தக் கைப்பிடி சேரணும், இந்தப் பிரிவு வேணும்னு தோணணும். மூணும் உள்ள ஆளு எங்கயாவது இருந்தா சொல்லு."

ஏர் பிஸ்டல் வாங்கியாச்சு. செகண்ட் ஹேண்ட், சிலிண்டர் தேதி பார்த்து வாங்கினோம். கேட்டவுடனே அவ அழுதா, அதையும் சொல்லணும். இப்ப சரியாயிட்டா. சரியாயிட்டான்னுதான் சித்தி சொல்றாங்க.

உங்கள்ல யாருக்காவது முயற்சி பண்ணணும்னா, உங்க மாவட்ட ரைஃபிள் கிளப்ல விசாரிங்க, 10 மீட்டர் ஏர் பிஸ்டல்ல ஆரம்பிங்க, முதல் நாளே பிஸ்டல் வாங்காதீங்க. கிளப்ல இருக்கிறதுல ஆறு மாசம் சுடுங்க. கைப்பிடி அளவு உங்களுக்கு எதுன்னு தெரியவே அவ்வளவு நாள் ஆகும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். அண்ணாச்சி அடுத்த மாநிலப் போட்டிக்கு 50 மீட்டர்ல பேர் கொடுக்கப் போறார். அணிப் போட்டிக்கு மூணு பேர் வேணும். பக்கத்து மாவட்டத்துல ஒருத்தர் இருக்கார், அறுபதைத் தாண்டினவர், அவரும் சரின்னுட்டார். மூணாவது ஆள் போன வருஷமே பிஸ்டலை ஒப்படைச்சுட்டு நிறுத்திட்டார். தென் மாவட்டத்துல ஃப்ரீ பிஸ்டல் லைசென்ஸோட யாராவது இருந்தா, இல்ல உங்க மாமா, பெரியப்பா யாராவது அலமாரியில பூட்டி வச்சிருந்தா, எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. ஸ்கோர் எவ்வளவுன்னு அண்ணாச்சி கேட்க மாட்டாராம். வந்து நின்னு அறுபது குண்டையும் சுட்டு முடிச்சாப் போதுமாம்.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.